பட்டப்பெயர்களும் மதமாற்றக் கதையும்: முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரைகளை வாசித்தல்

பெருங்களத்தூருக்கு வடக்கே பல்லாவரம். தெற்கே செங்கற்பட்டை அடுத்த வல்லம். இரண்டிடத்தும் முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழ கி.பி. 600–630) காலத்துக் குடைவரைகள் உள்ளன. அவனது திருப்பணிகளைப் பேசும் நூல்கள் பலவும் மண்டகப்பட்டிலும் திருச்சிராப்பள்ளியிலும் நின்றுவிடுகின்றன. இவ்விரண்டும் பட்டியலில் இடம்பெறுவதோடு சரி. சமணனாயிருந்து சைவனான மன்னன் எடுப்பித்த கோயில்கள் என்ற ஒரே விளக்கம் எல்லாக் குடைவரைகளுக்கும் பொதுவாகிவிட்டதற்கு இப்புறக்கணிப்பும் ஒரு காரணமாகும்.

அவ்விளக்கத்திற்கான அடிப்படை இரண்டு. ஒன்று, பெரியபுராணம். பல்லாவரத்திற்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், மன்னனுக்கு ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அப்பரால் மனம் மாறிய பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததாக அவர் கூறுகிறார். மகேந்திரன் என்ற பெயரை அவர் சொல்லவில்லை. குணபரன் என்ற பட்டத்தைக் கொண்டே அடையாளம் காணப்பட்டது. மற்றொன்று, திருச்சிராப்பள்ளி வடமொழிச் செய்யுள். மாற்று நெறியிலிருந்து திரும்பிய அறிவு இலிங்கத்தால் உலகெங்கும் பரவுக என்னும் கருத்துடைய அதனை, இ. ஹுல்ஷ் மதமாற்றச் சான்றாகக் கொண்டார். இலிங்கம், விபட்சம் ஆகியவை தருக்க நூற் கலைச்சொற்களாகவும் இரட்டுற மொழியப்பட்டுள்ளன என்பதையும் அவரே சுட்டினார். பின்வந்தோர் முதற் கூற்றை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டனர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லாக்வுட், அ. விஷ்ணு பட் ஆகியோர் அச்செய்யுளைக் கங்காதரர் சிற்பத்தோடு இணைத்துப் படித்து, அவ்வுருவில் மன்னனின் சாயலும் உண்டு என வாதிட்டனர். ஏற்கலாம், மறுக்கலாம், கல்வெட்டை அது பொறிக்கப்பட்ட இடத்தோடு சேர்த்துப் படிக்கும் அம்முறை தமிழ் ஆய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை.

பல்லாவரக் குடைவரையில் ஐந்து கருவறைகள் உள்ளன. பிற்காலத்தில் தர்காவாகி இன்றும் வழிபாட்டில் உள்ளது. அங்குள்ள பல்லவர் காலப் பொறிப்புகள் முழுவதும் மன்னனின் பட்டப்பெயர்களே. மத்தவிலாசன் முதலிய வடமொழிப் பட்டங்களுக்கிடையே தெலுங்குப் பட்டங்களும் விரவியுள்ளன. தெய்வத்தின் பெயர் இல்லை, நிவந்தம் இல்லை, மனமாற்றத்தின் குறிப்பும் இல்லை. ஐந்து கருவறைகளைக் குடைவித்தவன் அவற்றில் எழுதி வைத்தது தன் பெயர்களை மட்டுமே. பக்தியின் வெளிப்பாடு என ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய செய்தியன்று இது.

பிற இடங்களும் அக்கதைக்கு எளிதில் இணங்குவதில்லை. மகேந்திரவாடியில் அவன் குடைவித்தது திருமால் கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி அமைத்ததாகப் பெருமை கொள்ளும் மண்டகப்பட்டுக் கோயில் அயன், அரன், அரி மூவருக்கும் உரியது. (அப்பெருமை செங்கற் கோயில்கள் முன்பே இருந்தன என்பதற்கும் சான்று, 2005இல் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் அதை உறுதிப்படுத்தியது.) மத்தவிலாசப் பிரகசனத்தில் நகைப்புக்குள்ளாகும் பாத்திரங்கள் காபாலிகன், பாசுபதன், பௌத்தத் துறவி ஆகியோர். சமணத்தை வெறுத்து விலகிய மன்னனின் நாடகத்தில் சமணப் பாத்திரம் இல்லாமை மதமாற்றக் கொள்கையினர் விளக்க வேண்டிய ஒன்று. மதமாற்றத்திற்கு முன், பின் எனக் குடைவரைகளைக் காலவரிசைப்படுத்துவது, நிறுவ வேண்டியதையே சான்றாகக் கொள்வதாகும். சமணரை மன்னன் ஒடுக்கினான் என்ற கூற்றும் அவ்வரிசையைச் சார்ந்தே பாடநூல் வரை சென்றிருப்பதால், இது வெறும் காலக்கணிப்புச் சிக்கலன்று.

வல்லம் வேறொன்றைக் காட்டுகிறது. அங்குக் கல்வெட்டு தமிழில் உள்ளது. சத்துருமல்லன், குணபரன் முதலிய மன்னனின் பட்டங்களைச் சொல்லி, அவனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசன் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் இது என்கிறது. பல்லாவரத்தில் தனித்து நின்ற பட்டங்கள் இங்கே ஒரு சிற்றரசன் மகனின் கொடைக்கு முகவுரையாகின்றன. மன்னனின் மனமாற்றத்தை மட்டுமே தேடும் ஆய்வில் கந்தசேனனுக்கு இடமில்லை; ஆனால் கற்றளிக் கலை அரசவைக்கு வெளியே சென்று உள்ளூர்த் தலைவர்களின் கைக்கு வந்த வழியை அறிய அவனிடமிருந்தே தொடங்க வேண்டும்.