கூடை கணக்கில் வராது

கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வட எல்லையிலுள்ள மீனவர் ஊர். இதையடுத்த மரக்காணம் தொடங்கி வேளாங்கண்ணிவரை, கடலிலும் கரையோர நிலத்திலும் எண்ணெய், எரிவாயு தேட 2018இல் வேதாந்தா நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. திட்டமிட்ட கிணறுகள் 274. 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியையே திருத்தியது: ஆய்வுக் கிணறுகளுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம். தேடுவதுதானே, எடுப்பதில்லையே என்பது இதன் உட்பொருள்.

கடலடித் தரைக்கு இந்த வேறுபாடு தெரியாது. எதற்காகத் துளைத்தாலும் பாறைத்தூளும் பாரைட் கலந்த சேறும் வெளிவரும். கடலில் விட்டால் அவை தரையில் படிந்து புழுக்களையும் சிப்பிகளையும் மூடிவிடும். ஐரோப்பாவின் வடகடலில், எண்ணெய் கலந்த சேற்றால் உண்டான குவியல்கள் பல பத்தாண்டுகளாகியும் கரையவில்லை. இறாலும் நண்டும் நாக்குமீனும் தரையில் இரை தேடுபவை.

அவற்றைக் கரையில் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத்தெருவாக விற்பவர்கள் பெண்கள். இழப்பீட்டுப் பேச்சில் படகும் வலையும் வரும், கூடை வராது. மீனவர் பஞ்சாயத்தில் உட்காருபவர்கள் ஆண்கள். அங்கே இடமில்லாத பெண், தன் பெயரிலேயே எழுந்து பேசச் சட்டம் தந்திருந்த இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். அதைத்தான் திருத்தம் பறித்தது.

நம் எதிர்ப்பு மேடைகளும் ‘மீனவன் வாழ்வு’ என்றே முழங்குகின்றன. கருத்துக்கேட்பைத் திரும்பக் கேட்கும்போது, அதில் மீன் விற்கும் பெண்ணுக்கும் இடம் கேட்க வேண்டும்.