கட்டங்களுக்குள் ஒரு கொள்ளுப்பாட்டி

1903இல் கல்கத்தா துறைமுகத்தில் ஒரு பெண் கப்பல் ஏறினாள். பெயர் சுஜாரியா. வயது 27. சாதி, பிராமணர். நான்கு மாதக் கர்ப்பிணி. கூட கணவன் இல்லை. 'கிளைட்' என்ற அந்தக் கப்பல் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனது. குழந்தை கடலிலேயே பிறந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அவளுடைய கொள்ளுப்பேத்தி கயூத்ரா பகதூர், அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர், அவளைத் தேடிக் கிளம்பினார். கையில் இருந்தது அவளுடைய குடிபெயர்வுச் சீட்டும் வீட்டில் சொல்லிக்கொண்ட சில கதைகளும்தான். அந்தத் தேடலில் விளைந்த புத்தகம் 'கூலி வுமன்' (2013).

குடும்ப வரலாற்றைத் தேடும் புத்தகங்கள் பெரும்பாலும் துப்பறியும் கதை மாதிரி ஓடும். ஒரு பெயர், ஒரு துப்பு, தூசி படிந்த பேரேடு, கடைசியில் கொஞ்சம் கண்ணீர். பகதூரிடமும் இதெல்லாம் உண்டு. ஆனா இந்தப் புத்தகத்தை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறதுக்குக் காரணம், அவர் கையில் கிடைத்த சீட்டை அவரே முழுசா நம்பவில்லை என்பதுதான்.

அந்தச் சீட்டு எதுக்காக எழுதப்பட்டது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைகிறவர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார். நம்ம பக்கத்து உதாரணமே சொல்றேன். 1860 நவம்பர் 16 அன்று, மெட்ராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்களை இன்று இணையத்தில் தேடலாம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உயரம், உடல் அடையாளம். தோளில் தழும்பு, முழங்காலில் மச்சம். தன் மூதாதையின் தழும்பைப் படிக்கிற பேரனுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும், நியாயம்தான். ஆனால் குமாஸ்தா அதைப் பேரனுக்காக எழுதி வைக்கவில்லை. ஒப்பந்தம் முடிவதற்குள் தோட்டத்தை விட்டு ஓடினால் ஆளை அடையாளம் காட்ட எழுதினான்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கு. வட ஆற்காட்டில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கப்பல் ஏறிவிட்டான், தம்பி ஊரிலேயே தங்கிவிட்டான், இருவருக்கும் நிலம் இல்லை. அண்ணனின் உயரம் முதல் மச்சம் வரை எழுத்தில் இருக்கிறது. தம்பியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்காது. செட்டில்மெண்ட் கணக்கில் பட்டாதாரர்கள் இருப்பார்கள், அவன் இருக்கமாட்டான். சென்சஸ் அவனை ஒரு தலையாக எண்ணியது, பெயரைக் காத்து வைக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களைத் தேடித் தரும் இணையத் தளங்களுக்குப் போனால் அங்கே இருக்கும் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை. ஏழையின் பெயர் ஏட்டில் ஏற, யாரோ அவனை விலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

சரி, பெயராவது ஒழுங்காக ஏறியதா? முனுசாமி 'மூன்சாமி' ஆனார். முதலி 'மூட்லி' ஆகி, பிறகு ஒரு வம்சத்தின் குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டது. தேடல் பெட்டிக்கு ஓர் எழுத்து மாறினாலும் ஆள் வேறு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. ஊரைப் பிடிப்பார்கள். அதே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் ஏறியவர்களைப் பார்ப்பார்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே தகப்பன் பெயர் கொண்டவர்கள் பக்கத்துப் பக்கத்து வரியில் நிற்பார்கள். இந்தப் பட்டியல்களில் நிறைய பேர் முதலில் தேடுவது சாதிக் கட்டத்தைத்தான் என்பது என் சந்தேகம். அங்கேதான் ரொம்ப ஜாக்கிரதை வேணும். ஊரை விட்டுக் கிளம்பியவர் டிப்போவில் என்ன சாதி சொன்னாரோ, குமாஸ்தா காதில் என்ன விழுந்ததோ, அதுதான் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. பழைய பெயரை உதறிவிட்டுப் போக நினைத்தவருக்கு அந்த மேஜை ஒரு வாய்ப்பு. அவர் அங்கே சொன்ன பொய்யை நாம் வம்சப் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டக் கூடாது.

பகதூருக்கு இது தெரியும். அதனால்தான் சுஜாரியா ஏன் கிளம்பினாள் என்ற இடத்தில் அவர் பதில் சொல்லாமல் கேள்விகளாக அடுக்கிக்கொண்டே போகிறார். ஏமாற்றி அழைத்து வந்தார்களா, தானாகக் கிளம்பினாளா, விதவையா, வீட்டை விட்டு ஓடியவளா? புத்தகத்தைப் பாராட்டுகிறவர்கள் அதிகம் பேசுவது இந்த உத்தியைத்தான். எனக்கு இதில் ஒரு சின்ன முரண்பாடு உண்டு. ஏமாற்றப்பட்டவளா, ஓடியவளா என்பது காலனிய அதிகாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. ஆள் சேர்ப்பதை எதிர்த்தவர்கள் முதலாவதைச் சொன்னார்கள், ஆதரித்தவர்கள் இரண்டாவதைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கேள்விக்குறி போட்டுவிட்டதாலேயே காப்பகத்தின் மொழியிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அவள் ஊரில் பிடித்த ஒரு பாட்டு இருந்திருக்கும், ஒரு தோழி இருந்திருப்பாள். அந்த மாதிரி விஷயங்கள் எந்த அதிகாரியின் கேள்வியிலும் வராது.

ஆனா காப்பகத்துக்கு எதிராகக் குடும்ப நினைவை நிறுத்தினால் உண்மை வந்துவிடுமா? அதுவும் இல்லை. 1883இல் ஜார்ஜ் கிரியர்சன், பின்னால் இந்திய மொழிகளைக் கணக்கெடுத்தாரே அவர்தான், ஆள் சேர்ப்பு பற்றி விசாரிக்கப் பீகார் கிராமங்களுக்குப் போனார். பதிவேட்டில் இருந்த ஒரு பெண்ணின் தகப்பனைத் தேடிப் போய்க் கேட்டபோது, அப்படி எனக்கு உறவே இல்லை என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். மகளை ஏடு நினைவில் வைத்திருந்தது, வீடு துடைத்துவிட்டது. நம் வீடுகளில் தாத்தாவுக்குத் தாத்தா பெயர்வரை சொல்வார்கள். அந்தத் தாத்தாவின் தங்கை என்ன ஆனாள் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழில் இந்த இடத்தை நிரப்பியது புனைவு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வெள்ளையன் சிறைக்குப் போன பிறகு மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். பகதூர் சுஜாரியாவிடம் கேட்கிற அத்தனைக்கும் மருதியின் கதையில் ஒரு பதில் இருக்கிறது. புனைவுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இலங்கைக்குப் போனவர்களுக்கு நேட்டால் மாதிரி ஆளாளுக்கு ஒரு வரி எழுதிய கப்பல் பட்டியல் இல்லை. அவர்கள் கங்காணியின் கீழ்க் கூட்டமாகப் போனார்கள். பெரும்பாலும் அவர்களைப் பின்தொடர்ந்த காகிதம் கடன் காகிதம். தோட்டம் விட்டுத் தோட்டம் மாற, இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறோம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். 1921 வரை இந்த முறை நீடித்தது.

பிறகு 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயே பிறந்தவராக இருந்தாலும் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டணும், இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்ததைக் காட்டணும். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்து அரசாங்கம் கேட்டது, உன் வம்சாவளியைக் கொண்டு வா என்று. காகிதம் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டன. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தன.

அதனால் மூதாதையரைத் தேடுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக எழுதும் கட்டுரைகளோடு எனக்கு ஒட்டவில்லை. கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்று தெரியாதது பகதூருக்கோ டர்பனில் இருக்கிற ஒரு பேத்திக்கோ ஏக்கம். ஹட்டனில் இருந்த ஒருவருக்கு, நாடே இல்லாமல் போனதற்குக் காரணம். தமிழில் குடும்ப வரலாறு எழுத உட்காருகிறவர் கிடைத்த சீட்டையும் கிடைக்காத சீட்டையும் ஒரே மேஜையில் வைத்துத்தான் முதல் வரியைத் தொடங்கணும்.