அறிவித்தலும் அறிவிப்பும்

யாழ்ப்பாணத்தில் அது அறிவித்தல். திருச்சியில் அது அறிவிப்பு. அதில் கையெழுத்து வைப்பவர் இங்கே அதிபர், அங்கே தலைமையாசிரியர். மேலிடத்திலிருந்து வரும் தாள் இங்கே சுற்றுநிருபம், அங்கே சுற்றறிக்கை. அழைக்கப்படும் பிள்ளை இங்கே தரம் பத்து, அங்கே பத்தாம் வகுப்பு. அந்த வயதுக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர்கூட வேறு: இங்கே கட்டிளமைப் பருவம், அங்கே வளரிளம் பருவம். அந்த வயதில் இருக்கிற ஒருவர்கூடத் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதை இரண்டு பக்கமும் நான் கேட்டதில்லை.

1990இல் அகதியாகப் படகேறிப் போய்த் திருச்சியில் படித்தவன் நான். 2011இல் திரும்பி வந்து வடமராட்சியில் படிப்பிக்கத் தொடங்கினேன். பிள்ளைகளைச் சாரணியத்துக்கும் முதலுதவிக்கும் சேவைக் கழகங்களுக்கும் கூப்பிடும் தாளை அங்கே பின்வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன். இங்கே பொறுப்பாசிரியராக நானே எழுதுகிறேன். இரண்டும் ஒரே தமிழில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் ஒன்றைத் தூக்கி மற்ற இடத்தில் ஒட்டினால் வேலை செய்யாது.

திருச்சியில் அறிவிப்பு வந்த விதம் இது. இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருக்கும். அலுவலக உதவியாளர் சுற்றறிக்கை நோட்டோடு வாசலில் நிற்பார். ஆசிரியர் பாடத்தை நிறுத்தி ஒரே மூச்சில் வாசிப்பார்: “நம் பள்ளியில் தேசிய மாணவர் படைக்கு மாணவர்கள் தேர்வு நடைபெறவிருப்பதால், விருப்பமுள்ள எட்டு மற்றும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் இன்று மாலைக்குள் பெயர் கொடுக்குமாறு தெரிவிக்கப்படுகிறது.” கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். அந்தப் படையில் என்ன செய்வார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, எதுவும் அதில் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. சனிக்கிழமை பரேட் முடிந்ததும் பூரி கிடைக்கும் என்பது அறிவிப்பு வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். ஆளைச் சேர்த்தது பூரிதான்; நோட்டில் இருந்தது கணக்குக்கு.

மறுநாள் பி.டி. சார் வந்தார். “விருப்பமுள்ள” என்ற சொல்லுக்கு அவரிடம் வேறு அர்த்தம் இருந்தது. உயரம் பார்த்து, “நீ, நீ, அந்தக் கடைசி பெஞ்சு, நீயும் வாடா” என்று விரலை நீட்டினார். எனக்கு அப்போதே நல்ல உயரம். மைதானத்தில் ஓடவிட்டார்கள், நெஞ்சு அளந்தார்கள், படிவம் கொடுத்தார்கள். படிவத்தில் ‘குடியுரிமை’ என்று ஒரு கட்டம். தேசிய மாணவர் படையில் இந்தியக் குடிமக்களும் நேபாளப் பிரஜைகளும் சேரலாம். முகாமில் இருக்கிற இலங்கை அகதி சேர முடியாது. பி.டி. சாருக்கும் அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நல்ல மனுசன். “பதினொண்ணாவது வந்ததும் நீ என்.எஸ்.எஸ்.ல சேந்துக்கப்பா” என்றார். யார் சேரலாம் என்று அறிவிப்பில் இருந்தது. யார் சேர முடியாது என்று ஒரு வரி இல்லை. நான் எழுதும் அறிவித்தல்களில் அந்த வரியை எப்போதும் மேலேயே போடுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். பிறகுதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கி வந்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். காலாண்டு விடுமுறையில் போனோம். பார்த்தீனியம் பிடுங்கினோம், கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், இரவில் நாடகம் போட்டோம். இதற்கான அறிவிப்பும் அதே ஒற்றை வாக்கியம்தான். கடைசியில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக இருந்தது: “சான்றிதழ் வழங்கப்படும்.” தமிழ்நாட்டில் இந்த இரண்டு சொல்லும் பெற்றோரைப் பார்த்துச் சொல்லப்படுபவை. அவை வெறும் ஆசைகாட்டலும் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவுச் சேர்க்கையில் தேசிய மாணவர் படைக்கு இடம் உண்டு. கல்லூரியில் ‘சி’ சான்றிதழ் வரை போனவர், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி நேர்முகத்துக்குப் போகும் தனி வழியும் உண்டு. எட்டாம் வகுப்பில் கொடுக்கும் பெயருக்கு எங்கோ ஒரு வேலைவாய்ப்பின் வாசனை இருக்கிறது. அப்பாக்கள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

இங்கே அந்த வாசனை குறைவு. பல்கலைக்கழக அனுமதியை இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் தீர்மானிக்கின்றன. முதலுதவிப் படையில் நான்கு வருடம் நின்ற பிள்ளைக்கு அதில் ஒரு புள்ளி கூடாது. கிடைப்பது பாடசாலை விடுகைப் பத்திரத்தில் ஒரு வரி, மாணவ முதல்வர் தெரிவில் ஒரு சிறிய நன்மை. அதனால் எங்கள் அறிவித்தல் நன்மையைப் பேசாது. மரியாதையைப் பேசும்: “எமது பாடசாலையின் நீண்டகால மரபைப் பேணும் வகையில் சாரணர் துருப்பில் இணைந்துகொள்ள விரும்பும் தரம் ஏழு முதல் ஒன்பது வரையான மாணவர்கள், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்துடன் பொறுப்பாசிரியரிடம் தமது பெயர்களைப் பதிவு செய்துகொள்ளுமாறு இத்தால் அறியத்தரப்படுகின்றது.” காலைப் பிரார்த்தனை முடிந்து, வெயில் ஏறும் நேரத்தில், ஒரு மாணவ முதல்வர் இதை ஒலிவாங்கியில் வாசிப்பார். ‘இத்தால்’ வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் கால் மாற்றி நிற்பார்கள்.

மரபு என்ற சொல்லுக்கு இங்கே பின்பலம் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் படைப் பயிற்சி தொடங்கியது 1881இல். சாரணியத்தை மாத்தளையில் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் 1912இல் தொடங்கினார். பெண் சாரணியம் கண்டியில் 1917இல் வந்தது, இன்றுவரை தனிச் சங்கமாகவே இருக்கிறது. இந்தியாவின் கதை வேறு. தொடக்கத்தில் சாரணியம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும். இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றதால் அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலோடு சேர்ந்து 1916இல் சென்னையில் தனியாக ஓர் இந்தியச் சாரணர் சங்கத்தை ஆரம்பித்தார். விடுதலைக்குப் பின் 1950இல் பிரிந்து கிடந்தவை ஒன்றாகின. அடுத்த வருடம் பெண்கள் பிரிவும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுச் சுற்றறிக்கையில் ‘சாரண, சாரணியர்’ என்று இரண்டும் ஒரே மூச்சில் வருவதற்கும், எங்களிடம் இரண்டு அறிவித்தல், இரண்டு பொறுப்பாசிரியர் என்று இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் நான் முதன்முதலாக இடறியது இதில் எதிலும் இல்லை, ஒரு சொல்லில். 2011இல் வந்த புதிதில் என்னை ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னார்கள். திருச்சிப் பழக்கத்தில் “சாரணர் இயக்கத்தில் சேர வாரீர்” என்று தலைப்புப் போட்டேன். பாரத சாரண சாரணியர் இயக்கம் என்றுதான் அங்கே சொல்வார்கள். அந்தச் சொல்லில் யாருக்கும் எதுவும் தட்டுப்படாது. பகுதித் தலைவரான ரீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பேனையால் ‘இயக்கத்தில் சேர’ என்பதை வெட்டி, ‘துருப்பில் இணைந்துகொள்ள’ என்று எழுதினார். பிறகுதான் சொன்னார்: “தம்பி, இஞ்ச இயக்கத்துக்குப் போறதெண்டால் ஒண்டுதான்.”

எனக்குத் தெரியாததில்லை, கடலுக்கு அப்பால் இருந்த வருடங்கள் மறக்க வைத்திருந்தன. எண்பதுகளிலிருந்து பள்ளிச் சீருடையோடு வீட்டைவிட்டுப் போன பிள்ளை திரும்பி வராமல், “இயக்கத்துக்குப் போட்டுது” என்று பக்கத்து வீட்டார் வந்து சொன்ன ஊர் இது. வன்னியில் போரின் கடைசி வருடங்களில் அந்த ஆயுத இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக்கியது. பதின்மூன்று, பதினாலு வயதை நோக்கி ‘சேருங்கள்’ என்று ஒட்டப்பட்ட தாள்களை அந்தத் தாய்மார் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அஞ்சிய வயதுக்குத்தான் நானும் எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஆட்சேர்ப்பு’ என்ற சொல்லை எந்தக் கழகத்துக்கும் நான் இப்போது எழுதுவதில்லை. ‘படை’ வந்தால் அதற்கு முன் ‘முதலுதவி’ வருமா என்று பார்த்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் மரம் நடுவதற்குத் தேசிய பசுமைப் படை, பள்ளி வாசலில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்கவிடச் சாலைப் பாதுகாப்புப் படை. எல்லாம் படைதான், யாரும் துணுக்குறுவதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

இதனால்தான் எங்கள் அறிவித்தல்கள் நீளமாக இருக்கின்றன. எங்கே கூடுவார்கள், பொறுப்பான ஆசிரியர் யார், பெண்பிள்ளைகளோடு ஆசிரியை வருகிறாரா, எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவார்கள், முகாமென்றால் வலயக் கல்வி அலுவலக அனுமதி எடுத்தாயிற்றா? இந்தக் கேள்விகள் எல்லாம் அம்மாவின் கேள்விகள். எழுதாமல் விட்டால் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும். திருச்சியில் என் அம்மா இதே கேள்விகளைக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது “மார்க் குறையுமா?” என்பது ஒன்றுதான். அந்தக் கவலையில் இரு கரைக்கும் பேதமில்லை. இங்கே ஒன்றரைக்கு மணி அடித்ததும் பிள்ளை சாப்பிட்டும் சாப்பிடாமலும் ரியூசனுக்கு ஓடும். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை. ஒரு கழகத்துக்கு ஒதுக்க வாரத்தில் ஒரு மத்தியானம் கிடைத்தால் அதிகம். அங்கே பள்ளி விட நாலேகால் ஆகும், ஆகவே சனிக்கிழமை. இங்கே மத்தியானம் கூடுவதென்றால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அறிவித்தலில் இருக்க வேண்டும். பல அறிவித்தல்களில் மரபு இருக்கும், சோறு இருக்காது.

இரண்டு பக்கமும் தாள் மறைக்கிற இன்னொன்று மொழி. தேசிய மாணவர் படை பரேட்டில் ‘சாவ்தான், விஷ்ராம்’ என்று இந்தியில்தான் கட்டளை. 1968 ஜனவரி 23இல் அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் இதற்கும் ஒரு பகுதி இருந்தது: இந்திக் கட்டளைச் சொற்களை நிறுத்த வேண்டும், இல்லையேல் தமிழ்நாட்டில் மாணவர் படையே வேண்டாம் என்றது. அப்பேர்ப்பட்ட விஷயத்தை வகுப்புக்கு வரும் அறிவிப்பு ஒருபோதும் சொல்வதில்லை. பையன் மைதானத்துக்குப் போய், பக்கத்தில் நிற்பவன் காலைப் பார்த்துக் கற்றுக்கொள்வான். எங்கள் பிள்ளைகள் தெற்கில் நடக்கும் முகாமுக்குப் போனால் அங்கே பேச்சு சிங்களத்தில் ஓடும். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அதுதான் முதல் பயம்: நான் ஏதாவது கேட்டால் அவர்களுக்கு விளங்குமா? “சிங்களம் தெரியாவிட்டாலும் வரலாம், மொழிபெயர்க்க ஒருவர் கூட வருவார்” என்ற ஒரு வரியை ஒரு தடவை போட்டேன். அந்த வருடம் வழமையாகப் பின்னுக்கு நிற்கும் மூன்று பேர் பெயர் தந்தார்கள்.

உண்மையில் ஆள் சேர்ப்பது யார் என்று கேட்டால், அங்கே ஆசிரியரின் விரல், இங்கே அண்ணாமாரும் அக்காமாரும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் சனத்துக்கு வழிவிட்டும் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியும் நிற்கிற சாரணர்களையும் முதலுதவிப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, “அந்த அண்ணாவை மாதிரி எனக்கும் சீருடை வேணும்” என்று வருகிறவர்களே அதிகம். விரலில் ஒரு நன்மை உண்டென்பதையும் சொல்ல வேண்டும். தானாகக் கை தூக்காத பிள்ளையை அது எழுப்பிவிடும். ஆனால் குட்டையான பையனை விட்டுவிடும். அண்ணாமாரை நம்பினால் அண்ணா இல்லாத வீட்டுப் பிள்ளை விடுபடும். அப்படி விடுபடுகிறவனுக்குத்தான் தாள் தேவைப்படுகிறது. அதைப் படித்துத் தனியாக முடிவெடுக்கப் போகிறவன் அவன் ஒருவன்தான்.

போன வருடம் தரம் பத்துப் பிள்ளைகளிடமே தாளைக் கொடுத்தேன். “நீங்களே எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்” என்றேன். இது இளைஞர் விருதுத் திட்டத்துக்கான அறிவித்தல். 1956இல் பிரித்தானியாவில் தொடங்கியது, பதினாலிலிருந்து இருபத்துநாலு வயதுவரை, மற்றவரோடு போட்டி இல்லை, வெண்கலத்துக்குக் குறைந்தது ஆறு மாதம். நான் எழுதியிருந்தால் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கியிருப்பேன். அவர்கள் வருடத்தை வெட்டினார்கள். ‘போட்டி இல்லை’ என்பதை முதல் வரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது வரி: “வியாழன் 1.45க்குத் தொடங்கி 3.15க்கு முடியும், 3.30 ரியூசனுக்குப் போகலாம்.” மூன்றாவது: “பணிஸ் தரப்படும்.” அதற்குக் கீழே, “முதல் நாள் வந்து பார்த்துப் பிடிக்காவிட்டால் பேசாமல் போகலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள்.” அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எழுதிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, “அது இருக்கட்டும் சேர்” என்றாள்.

அதிபர் வாசித்துவிட்டு மேலே ‘இத்தால்’ மட்டும் சேர்த்தார். வியாழக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். பதினைந்து பணிஸ்தான் வாங்கி வைத்திருந்தேன்.