ஃபிரேம் முடிந்தது என்று யார் சொல்வது?

லினக்ஸில் யுஎஸ்பி வெப்கேம்களை இயக்கும் யுவிசி டிரைவரில் உனக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். யுவிசி_வீடியோ.சி கோப்பில், கேமரா அனுப்பும் ஒவ்வொரு பேலோடின் ஹெடரையும் பிரித்துப் பார்த்து, இந்த ஃபிரேம் முடிந்ததா, அடுத்தது தொடங்கிவிட்டதா என்று தீர்மானிக்கிற அந்தச் சின்னப் பகுதிதான். லோரான் பின்ஷார் எழுதி, 2008-ல் 2.6.26 கர்னலோடு உள்ளே வந்த டிரைவர் அது. சுற்றியிருப்பதெல்லாம் பலமுறை மாறிவிட்டது. அந்தப் பகுதியின் அடிப்படைத் தர்க்கம் இன்னும் அசையவில்லை.

ஹெடரின் இரண்டாவது பைட்டில் உள்ள இரண்டே பிட்டுகள்தான் விவகாரம். எஃப்ஐடி, ஃபிரேமுக்கு ஃபிரேம் 0, 1 என்று மாறி மாறி வரவேண்டும். இஓஎஃப், கடைசி பேலோடில் மட்டும் 1 ஆகவேண்டும். இஓஎஃப்பை நம்பினால் படம் உடனே கைக்கு வந்துவிடும். எஃப்ஐடியை நம்பினால் அடுத்த ஃபிரேமின் முதல் பேலோட் வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்ஷார் இரண்டையும் பார்க்கிறார். காரணத்தையும் கமென்ட்டில் சொல்லிவிடுகிறார்: சில கேமராக்கள் இஓஎஃப்பை எழுப்புவதே இல்லை, எழுப்பினாலும் அந்தக் கடைசி பேலோட் வழியிலேயே தொலைந்துபோகலாம்.

சரி, எஃப்ஐடியையே மாற்றாத கேமரா வந்தால்? அப்படியும் விற்றிருக்கிறார்கள். அவற்றுக்கென்று ‘ஸ்ட்ரீம் நோ எஃப்ஐடி’ என்றொரு குவிர்க், அதாவது கோளாறான சாதனத்துக்கான விதிவிலக்கு. இஓஎஃப் வந்ததும் டிரைவர், கடைசியாகப் பார்த்த எஃப்ஐடி என்று தான் நினைவில் வைத்திருப்பதைத் தானே புரட்டிப் போட்டுக்கொள்கிறது. அடுத்த பேலோடில் கேமரா பழைய மதிப்பையே அனுப்பினாலும், டிரைவரின் கண்ணுக்கு அது மாறியதாகத்தான் தெரியும். ஒரே ஒரு எக்ஸ்ஓஆர். கேமராவைத் திருத்த முடியாது என்று தெரிந்துகொண்டு தன் நினைவைத் திருத்திக்கொள்வது! இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்கு வழி தெரியவில்லை.

ஆப்பிள் மடிக்கணினிகளில் பதித்து வந்த ஐசைட் இன்னொரு ரகம். யுவிசி 1.0-வில் பெரும்பகுதியை ஒழுங்காகப் பின்பற்றிவிட்டு, பாக்கெட் வடிவத்தில் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பேலோடிலும் ஹெடர் இல்லை. ஒரு படத்துக்கு ஒன்று, அதுவும் தனி பாக்கெட்டில். பிறகு வருவதெல்லாம் வெறும் தரவு. அந்த ஹெடரை அடையாளம் காண டிரைவர் தேடும் பைட்டுகளைப் பார்த்தால் சிரிப்பு வரும்: 11, 22, 33, 44, அதன் பிறகு டெட்பீஃப், டெட்ஃபேஸ். ஃபர்ம்வேர் எழுதிய யாரோ ஒருவரின் விளையாட்டுத்தனம் அப்படியே பெட்டிக்குள் போய் உலகம் முழுக்க விற்றிருக்கிறது. இந்த வம்பெல்லாம் யுவிசி_ஐசைட்.சி என்ற தனிக் கோப்போடு நின்றுவிடுகிறது. பிரதான பாதையில் அதன் நிழல் மிக லேசாகத்தான் விழுகிறது.

பேண்ட்விட்த் குவிர்க்கையும் சொல்லாமல் விட முடியாது. 640×480 அளவு, பிக்ஸலுக்கு 2 பைட், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நொடிக்கு 1.84 கோடி பைட் போதும். யுஎஸ்பி 2.0-வில் ஒரு எண்ட்பாயின்ட்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 2.46 கோடி. பல கேமராக்கள் நாம் எந்த அளவு கேட்டாலும் பஸ்ஸில் துண்டு போட்டு முழு சீட்டையும் பிடித்துவிடும். இரண்டாவது கேமராவைச் செருகினால் ‘இடமில்லை’ என்ற பிழைதான் மிச்சம். இந்தக் குவிர்க் இருந்தால் டிரைவர் கேமரா கேட்டதைப் புறக்கணித்துவிட்டுத் தானே கணக்குப் போடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு நிறைய கேமராக்களுக்குப் போதவில்லை என்பதால் பாக்கெட் அளவு 1024 பைட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. 1024 எங்கிருந்து வந்தது? இரண்டு மாடல்களில் அளந்து பார்த்ததில் என்று கமென்ட் சொல்கிறது. இரண்டே மாடல் என்று ஒளிக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

யுவிசி பேசாத வெப்கேம்களுக்கான ஜிஎஸ்பிசிஏ டிரைவர்களின் பக்கம் நிற்கும் நண்பர்கள் இதற்கு உதட்டைப் பிதுக்குவார்கள். ஸ்பெக் கையில் இருக்கும்போது டிரைவர் எழுதுவது ஒரு வித்தையா என்பார்கள். ஜிஎஸ்பிசிஏவை எழுதிய மிஷேல் க்ஸார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 235 வெப்கேம்களுக்கு டிரைவர் எழுதினார் என்று 2007-ல் செய்தியே வந்தது. ரிச்சி தெருவில் பெயரில்லாத வெப்கேமை வாங்கிவந்து செருகி, பச்சையும் ஊதாவுமாக ஏதோ அசைந்ததும் குதித்தவன்தான் நானும். அந்தக் கடன் தீராது. இருந்தாலும் ஜிஎஸ்பிசிஏ கோப்புகளைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஹெக்ஸ் எண்கள். விண்டோஸ் டிரைவர் அனுப்பியதை ஒட்டுக்கேட்டு வரிசையாக எழுதியவை. எந்த ரெஜிஸ்டர் எதற்கு என்று எழுதியவருக்கே பல இடங்களில் தெரிந்திருக்காது. உழைப்புக்குக் கும்பிடு போடலாம். உட்கார்ந்து படிக்க முடியாது. ஸ்பெக்கைப் பின்பற்றுவதாகச் சத்தியம் செய்துவிட்டுப் பின்பற்றாத சாதனத்தோடு குடித்தனம் நடத்துவதில்தான் எழுத்துக்கு வேலை இருக்கிறது என்பேன் நான்.

இன்றைய மடிக்கணினிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பலவற்றில் யுஎஸ்பியை விட்டுவிட்டு எம்ஐபிஐ சென்சாருக்குத் தாவிவிட்டார்கள். சென்சாரிலிருந்து வருவது கச்சா பேயர் தரவு. வெள்ளைச் சமன், இரைச்சல் நீக்கம் எல்லாம் ஐஎஸ்பி என்ற படச் செயலி செய்ய வேண்டும். இன்டெல் சில்லுகளில் இந்த வேலையைச் செய்யும் ஐபியு6-க்கு, தரவை உள்ளே வாங்கும் பகுதியின் டிரைவர் 2024-ல் 6.10 கர்னலில்தான் சேர்ந்தது. படத்தைப் பக்குவப்படுத்தும் பகுதியோ யூசர் ஸ்பேஸில் மூடிய பைனரியை நம்பியிருந்தது. லிப்கேமரா என்ற திறந்த மூலத் திட்டத்துக்காரர்கள் அந்த வேலையை சிபியுவிலேயே செய்து காட்டினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பக்கத்திலேயே அதற்கென்று செய்த சிலிக்கான் சும்மா கிடக்கிறதே! யுவிசி கேமரா பொய் சொன்னால் ஹெடரைப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். மூடிய பைனரி பொய் சொன்னால் எந்தப் பைட்டைப் பார்ப்பது?

யுவிசி டிரைவரின் குவிர்க் அட்டவணையில் மட்டும் இன்னும் வரிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வெண்டர் எண், பிராடக்ட் எண், மேலே ஒரு வரி கமென்ட். நல்ல பேட்ச் என்றால் கமிட் செய்தியில் டிஸ்கிரிப்டர் முழுவதையும் கொட்டியிருப்பார்கள். அவற்றைத்தான் நான் முதலில் படிப்பது.