படியும் துண்டுச்சீட்டும்

உயிரணு தன் மரபுச் செய்தியைக் கையாளும் முறையை விளக்கத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மூன்று சொற்களை வழங்குகின்றன: இரட்டிப்பாதல், படியெடுத்தல், மொழிபெயர்த்தல். இவற்றுள் நடுவில் நிற்பதே மாணவனை இடறச் செய்வது.

ஏட்டுச்சுவடி மரபில் படி என்பது மூலத்துக்கு நிகரான முழு ஏடு. மூலம் செல்லரித்தாலும் அதன் இடத்தில் நின்று வாழ்வது. அங்ஙனமாயின் அப்பெயர் இரட்டிப்புக்கன்றோ உரியது! உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதும் படியாகிறது, ஒவ்வொரு படியிலும் பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் இருத்தலை 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் மெய்ப்பித்தனர். கேமரன் மலைத் தோட்டத்தார்க்கு இது புதிதன்று. அயல் மகரந்தத்தால் காய்க்கும் தேயிலையின் விதைநாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இரா. ஓர் இலையும் கணுவும் கொண்ட தண்டுத்துண்டிலிருந்து வளர்ந்தவையோ, அரிதாய் நேரும் எழுத்துப்பிழை நீங்கலாக, தாய்ச்செடியின் படிகளே.

பாடநூல் கூறும் படியெடுத்தல் வேறு. தேயிலையின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் உடையது. அதில் அப்போதைக்கு வேண்டிய பகுதி மட்டுமே ஆர்.என்.ஏ.வாக எழுதப்படுகிறது. காஃபீன் ஆக்கும் நொதிக்குரிய மரபணு, 2000-ல் பிரித்தறியப்பட்டது, வேரணுவிலும் உண்டு; ஆயினும் அது மிகுதியாக எழுதப்படுவது இளங்கொழுந்தில். தியனைன் என்னும் சுவைப்பொருளோ பெரும்பாலும் வேரில் உருவாகி மேலேறுகிறது. ஏடு ஒன்றே, பயன்படும் பக்கம் வேறு.

தோட்ட வழக்கில் சொன்னால், பேரேடு ஆபீசை விட்டு வெளியேறாது. அன்றைய வேலைக்குரிய வரியைக் கிராணியார் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்; வேலை முடிந்தால் சீட்டுக்கு மதிப்பில்லை. ஆர்.என்.ஏ.வும் அவ்வாறே விரைவில் சிதைந்துவிடும். அதனைப் ‘படி’ என்பது சீட்டைப் பேரேடு என்பதாகும். அதே நூல்கள் வழங்கும் ‘தூது ஆர்.என்.ஏ.’ என்ற பெயர் எவ்வளவோ மேல்.

‘மொழிபெயர்த்தல்’ சிறந்த ஆக்கம். நான்கு எழுத்துகள் மும்மூன்றாய்க் கூடி 64 சொற்களாகின்றன. அவற்றுள் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று முற்றுப்புள்ளிகள். ஒருபொருட்பன்மொழியை இலக்கண வகுப்பில் நடத்தும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிட்டுமா?

ரிங்லெட், தானா ராத்தா தமிழ்ப்பள்ளிகளில் படிப்பவர் ஆறாம் ஆண்டுக்குப்பின் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ பயில்வர். அவர்களுக்கு இச்சொற்களைத் தமிழில் தருபவர் ஆசிரியர் ஒருவரே. அவர் கரும்பலகையில் ‘படியெடுத்தல்’ என்பதன் பக்கத்தில் ‘எடுத்தெழுதல்’ என்றும் எழுதிக் காட்டலாம்.