முந்தியவர் முடிசூடுவாரா?

தேர்தல் நாள் வருமுன்னரே முன்னணியில் நிற்பவர் யார் என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் எங்கும் பெருகியுள்ளது. எண்ணிச் சொல்வதில் குற்றமில்லை. அவ்வெண் எதனை அளக்கிறது என்பதே ஆராயத்தக்கது.

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்பதைக் கட்சி ஆதரவாளர்களே மாநிலந்தோறும் கூடித் தீர்மானிக்கின்றனர். இதனைப் பூர்வாங்கத் தேர்தல் என்பர். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில், நாடளாவிய கருத்துக் கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியின் ஹில்லாரி கிளிண்டனும் குடியரசுக் கட்சியின் ரூடி ஜூலியானியும் முதலிடம் வகித்தனர். 2008 ஜனவரி 3ஆம் நாள் அயோவா மாநிலத்தில் ஒபாமா முதல்வராக வந்தார்; கிளிண்டன் அம்மையார் மூன்றாமிடம் பெற்றார். ஜூலியானியோ ஒரு மாநிலத்தையும் வெல்லாமலே அம்மாத இறுதியில் விலகினார். முற்பட்ட கணிப்பு அளந்தது பெரும்பாலும் பெயரின் புகழையே. எனினும் அங்கே வாக்களிக்கும் நாள் எஞ்சியிருந்தது. பிழையை அது திருத்திற்று.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உவமை அம்னோவின் உட்கட்சித் தேர்தலாகும். 1987இல் தலைவர் பதவிக்கு மகாதீர் 761 வாக்குகளும் தெங்கு ரசாலி 718 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 43 மட்டுமே! அதன் பின்னர், தொகுதிகளின் முன்மொழிவு ஒவ்வொன்றுக்கும் 10 வாக்குகளைக் கூட்டிக் கணக்கிடும் விதி வந்தது. 1993இல், அந்நாளில் நம் பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த அன்வார் இப்ராஹிமை மிகப் பெரும்பாலான தொகுதிகள் துணைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தன. பதவியிலிருந்த காபார் பாபா போட்டியிலிருந்து ஒதுங்கினார். அப்பதவிக்குப் பேராளர் ஒருவரும் வாக்களிக்கவில்லை. பிற்காலத்தில், தலைவர் பதவிக்குப் போட்டியிட 191 தொகுதிகளில் 58இன் முன்மொழிவு வேண்டும் என்றாயிற்று. அதனைப் பெற்றவர் நஜிப் ஒருவரே. 2009இல் போட்டியின்றித் தலைவரானார்.

முன்மொழிந்தோரும் உறுப்பினர்தாமே, அவர்தம் விருப்பந்தானே வெளிப்பட்டது என்று சிலர் வாதிக்கலாம். பலரறியக் கூட்டத்தில் கூறும் பெயரும், மறைவாக இடும் வாக்கும் ஒன்றாகா. வெல்பவர் பக்கம் நிற்க விழையும் மனம் முன்னதில் செயற்படும். மனச்சான்று பின்னதில் பேசும்.

2009 அக்டோபரில் அவ்வரம்பு நீக்கப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் உறுப்பினருக்கு வாக்குரிமை விரிந்தது. 2018இல் தலைவர் பதவிக்கு உண்மையான போட்டியும் நிகழ்ந்தது. ஆயினும் 2023 ஜனவரியில் கூடிய பேரவை, தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்குப் போட்டியே வேண்டா எனத் தீர்மானித்தது. முன்பு எண்ணிக்கை தேர்தலின் இடத்தைப் பிடித்தது; இப்போது எண்ணிக்கையும் தேவையற்றதாயிற்று.

அரையாண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவனுக்கே ஆண்டுப் பரிசை அளித்து, ஏனையோர் இறுதித் தேர்வு எழுத வேண்டா என்று சொல்லும் ஆசிரியர் உண்டோ? கணிப்பு தவறுவது சிறு குறை. அது வாக்குப் பெட்டியை மூடிவிடுவதே பெருங்கேடு. ஆகவே, முன்னணியில் நிற்பவர் யார் என்று கேட்பவர்கள், பின்னால் நிற்பவருக்கு வழி திறந்திருக்கிறதா என்றும் கேட்பார்களாக.