பலகை மேல் பிழைப்பு

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ ஆடுகிறவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நெருப்பு, வெறி, ஜிப்சி ரத்தம் என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு முதலில் தெரிவது கணக்கும் காதும். சொலேயா, அலெக்ரியாஸ், புலேரியாஸ் என்ற ஆட்ட வகைகள் மூன்றும் 12 எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஓடுபவை. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12-இல். ஆதிதாளத்தில் ஊறியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்க இடைவெளி எளிதில் பிடிபடாது. இந்தத் தாளச் சுற்றை ஃபிளமெங்கோக்காரர்கள் கொம்பாஸ் என்கிறார்கள். அது தவறினால் எந்த அழகும் துணைக்கு வராது.

இந்த ஆட்டம் கூலிக்குரிய தொழிலானது 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், செவில் முதலிய நகரங்களின் பாட்டு விடுதிகளில். இன்று அந்த இடத்தில் இருப்பது தப்லாவ். சொல்லுக்கே பலகை மேடை என்றுதான் பொருள். மாட்ரிட்டின் கொர்ரால் தே லா மொரேரியா 1956-இல் தொடங்கியது. இத்தகைய இடங்களில் பார்க்க வருகிறவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகள், சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள். ஒரே இரவில் இரண்டு காட்சிகள் சாதாரணம். சுற்றுலாக்காரர்களுக்கான சரக்கு என்று இதை மட்டமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தொழில் கைக்கு வருவது இங்கேதான்.

பாடகரை அன்று மாலைதான் சந்தித்திருக்கலாம்; ஒத்திகை என்று ஒன்று இருக்காது. ஆடுகிறவர் காலால் ஓர் அழைப்பைத் தட்டுவார். பாடகர் பாட்டை எடுப்பார். அவர் பாடும்போது பாதம் அடங்கி இருக்கவேண்டும். கையும் உடம்பும் பேசலாம். பாட்டின் அடி முடிகிற இடத்தில், பரதத்தில் தீர்மானம் வைப்பதுபோல, ஓர் அடைப்பு. கால்வேலைக்கு நேரம் அதற்குப் பிறகுதான். அப்போது வேகத்தை ஏற்றுவதும் நிறுத்துவதும் ஆடுகிறவர் கையில். கிதார் பின்னால் வரும். தன் முறை இல்லாதபோது பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்ட வேண்டும். பல்மாஸ் எனும் இந்தக் கைத்தாளம் சரியாக வராதவரை வேலைக்குக் கூப்பிடத் தயங்குவார்கள்.

கார்மென் அமாயாவுக்கு வாய்த்த பள்ளிக்கூடமும் இப்படிப்பட்டதுதான். பார்சிலோனாக் கடற்கரையில் சொமொரோஸ்த்ரோ என்ற குடிசைப் பகுதியில் பிறந்த ஜிப்சிப் பெண்; பிறந்த ஆண்டை 1913 என்பார்கள், 1918 என்பார்கள். கிதார் வாசித்த அப்பாவோடு சிறுமியாகவே மதுக்கடைகளில் ஆடினார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் லிஸ்பன் போய், அங்கிருந்து புவெனஸ் ஐரிஸுக்குக் கப்பலேறினார். 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க். உறவினர்களே குழுவாக இருந்ததால் அவர் காலை நம்பிப் பல அடுப்புகள் எரிந்தன. ஆண்களுடையது எனப்பட்ட இரும்புக் கால்வேலையை, ஆண்கள் உடுத்தும் இறுக்கமான கால்சட்டையிலேயே ஆடிக் காட்டினார். உடல்நிலை கெட்டிருந்த காலத்திலும் 'லோஸ் தாரந்தோஸ்' படத்தில் ஆடினார். 1963 நவம்பரில் சிறுநீரகக் கோளாறால் இறந்தார்.

ஆண் ஆட்டத்துக்கு ஆட்டக்காரர் விசென்தே எஸ்குதேரோ பத்து விதிகள் வகுத்தது 1951-இல். அமாயா அப்போது கால்சட்டையோடு உலகம் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது நல்ல வேடிக்கை. 2019-இல் இன்னொரு ஆட்டக்காரர் மானுவேல் லின்யான் 'விவா' என்ற நிகழ்ச்சியில் ஆண்களுக்கு நீள்வால் பாவாடை உடுத்தி ஆடவைத்தார். அந்த வாலைக் காலால் எற்றித் திருப்புவது தனி வித்தை.

அந்தோனியோ கதேஸ் போன வழி வேறு. பிலார் லோபெஸின் குழுவில் தேறி, கவிஞர் லோர்காவின் 'ரத்தத் திருமணம்' நாடகத்தை 1974-இல் நடனமாக்கினார்; 1981-இல் கார்லோஸ் சௌரா அதைப் படமாக்கினார். 1978-இல் உருவான ஸ்பெயின் தேசிய பாலேயின் முதல் இயக்குநரும் அவர்தான். அரசுக் குழுவில் இடம் கிடைப்பதோ சிலருக்கு மட்டும்.

மற்றவர்களுக்குச் சோறு போடுவதில் வகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெரெஸ் நகர விழாவுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பணம் கட்டிப் பயில வருகிறார்கள். ஜப்பானில் இதற்கெனவே ஏராளமான பள்ளிகள். 2010-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது, பெருமைதான். 2020-இல் கொரோனா வந்தபோது அந்தப் பெருமை வாடகை கட்டவில்லை. மாட்ரிட்டின் காசா பத்தாஸ் தப்லாவ் நிரந்தரமாக மூடப்பட்டது.

ஆணி அறைந்த செருப்போடு பலகையில் அடித்து அடித்து முழங்காலும் இடுப்பும் தேயும். ஆனாலும் பாலேயைப்போல இங்கே வயது வாசலை அடைப்பதில்லை. நிகழ்ச்சியின் முடிவில் எல்லோரும் கூடும் புலேரியாஸில், கனத்த உடம்புக்காரப் பாடகர்கூட எழுந்து வந்து நாலு அடி வைப்பார். அதுவரை வியர்க்க ஆடிய இளம்பெண் ஒதுங்கி நின்று அவருக்குக் கைதட்டுவாள்.